வரலாற்றுப் பாடத்தையும் வாக்கியப் பயிற்சியையும் ஒரே பீரியடில் சேர்த்து நடத்துகிறவர்கள் இருக்கிறீர்களா? (6, 7, 8ஆம் வகுப்பு)

வெண்ணாற்றங்கரை டீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் சமூக அறிவியல் நான்தான், ஒரு பணியிடம் காலியாக இருப்பதால் இந்த வருஷம் ஏழாம் வகுப்புத் தமிழும் என்னிடம் வந்திருக்கிறது. அதே பிள்ளைகளின் இரண்டு நோட்டையும் நானே திருத்துகிறேன் என்பதால்தான் இந்தக் கேள்வி வந்தது.

இராஜராஜனைப் பற்றி எழுது என்றால் வருகிற விடை இப்படி இருக்கிறது: "முதலாம் இராஜராஜன் சிறந்த அரசர் ஆவார். அவர் பெரிய கோயிலைக் கட்டினார். அவர் இலங்கை மீது படையெடுத்தார். அவர் நிலங்களை அளந்தார்." தகவல் எல்லாம் சரி, மார்க்கும் போட்டுவிடலாம். ஆனால் எல்லா வாக்கியமும் 'அவர்' என்று தொடங்கி '-ஆர்' என்று முடிகிறது. எது முன்னால் நடந்தது, எதனால் எது நடந்தது, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்று எதுவும் அதில் இல்லை. யாரோ பெயர்ப் பட்டியல் வாசிப்பது போல இருக்கிறது.

இதே பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதைக் கேட்டால், "முறை வச்சு ஒழுங்கா தண்ணி விட்டிருந்தா எங்கப்பா இந்நேரம் நட்டு முடிச்சிருப்பாரு, இப்ப நாத்து முத்திப் போச்சு, ஆனாலும் நட்டுத்தான் ஆகணும்" என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். நிபந்தனை, காரணம், எதிர்நிலை எல்லாம் ஒரே மூச்சில் வருகிறது. வாயில் இருப்பது பேனாவுக்கு வரமாட்டேன் என்கிறது.

தமிழ் இலக்கணத்தில் தனி வாக்கியம், தொடர் வாக்கியம், கலவை வாக்கியம், செய்வினை, செயப்பாட்டு வினை, தன்வினை, பிறவினை என்று எல்லாமே நடத்துகிறோம். உதாரணம் மட்டும் எப்போதும் "கண்ணன் பாடம் படித்தான்" தான். அந்தக் கண்ணனுக்குப் பதில் வரலாற்றுப் பாடத்தையே வைத்துப் பயிற்சி கொடுத்தால் என்ன என்று யோசிக்கிறேன். இரண்டு பயம் இருக்கிறது. வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதுவதில் வரலாறு அடிபட்டுப் போகுமோ என்பது ஒன்று. இன்னொன்று, திருத்தும்போது எதற்கு மார்க் போடுவது என்பது. யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

---

மேலவீதித் தமிழாசிரியர்:

டீச்சர், தாராளமாகச் செய்யலாம். தஞ்சாவூரில் இருந்துகொண்டு இதைச் செய்யாமல் இருப்பதுதான் கஷ்டம்.

பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் இருக்கிற கல்வெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இராஜராஜன் அதில் "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" (கற்றளி என்றால் கற்கோயில்) என்கிறான். 'எடுத்த' என்று சொல்லவில்லை, 'எடுப்பிச்ச' என்கிறான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பிறவினை சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பாடப்புத்தக நடையில் 'கட்டினார்' என்று எழுதிப் பழகிய பிள்ளையிடம் "அரசனே கட்டினேன் என்று சொல்லவில்லை, கட்டுவித்தேன் என்றுதான் சொல்கிறான், அப்படியானால் கட்டியவர்கள் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு தானாக அடுத்த கேள்விக்குப் போய்விடும். அதற்கும் கோயிலிலேயே பதில் இருக்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று தச்சர் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆடல் மகளிர் 400 பேருக்கு எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் இருக்கிறது.

இப்போது பிள்ளைகள் எழுத வேண்டியது: "இராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டுவித்தான்." "தச்சர்களும் சிற்பிகளும் அதைக் கட்டினார்கள்." "1010ஆம் ஆண்டில் கோயில் கட்டி முடிக்கப்பட்டது." "தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டுவித்தவன் இராஜராஜன்." நாலும் ஒரே செய்தி மாதிரித் தெரியும், ஆனால் நாலும் நாலு கேள்விக்குப் பதில். முதல் வாக்கியம் அரசன் என்ன செய்தான் என்பதற்கு, இரண்டாவது யார் உழைத்தார்கள் என்பதற்கு, மூன்றாவது எப்போது என்பதற்கு. கடைசி வாக்கியம் 'இதைக் கட்டுவித்தது யார், அவன் மகனா?' என்று ஒருவர் கேட்கும்போது சொல்கிற பதில். பிள்ளைகளிடம் வாக்கியத்தைக் கொடுத்து, "இது எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். வாக்கியத்தை அழகுக்காக மாற்றுவதில்லை, கேள்வி மாறுவதால் மாற்றுகிறோம் என்பது அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டால் உங்கள் முதல் பயம் போய்விடும்.

அதே கல்வெட்டில் "நாங்குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று வருகிறதே, அதை வைத்து 'உம்' போட்டு அடுக்கும் வாக்கியத்தையும் பழக்கலாம். இதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அக்கன் என்றால் குந்தவை என்று சொன்னதும் பின்பெஞ்சு வரை நிமிர்ந்து உட்காரும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு அரசன் தன் கொடையோடு அக்காள் கொடையையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறான் என்பது வரலாறு. அதை 'உம்' போட்டு எப்படி அடுக்கினான் என்பது இலக்கணம். நான் இரண்டையும் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதே இல்லை.

ஒன்றே ஒன்று. ஒரு பீரியடுக்கு ஒரு வாக்கிய வகைதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் பிள்ளைகள் திணறிப் போவார்கள்.

---

கடைமடை:

மன்னிக்கவும், கொஞ்சம் மாறுபட்ட கருத்து. என் ஆறாம் வகுப்பில் பாதிப் பேருக்குப் பிழையில்லாமல் இரண்டு வரி எழுதுவதே சிரமம். ஒற்று விடுகிறார்கள், ல ள ழ குழப்பம், ஒரு வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று தெரியாமல் பக்கம் முழுக்க ஓட்டுகிறார்கள். அவர்களிடம் போய்ப் பிறவினை, கலவை வாக்கியம் என்றால் சரிப்படுமா? முதலில் ஒரு தனி வாக்கியத்தை உருப்படியாக எழுதட்டும், வகைகளை அப்புறம் பார்க்கலாம் என்பது என் கட்சி. வரலாற்றுக்கு வாரத்தில் கிடைக்கிற நேரமே கொஞ்சம். அதிலும் ஒரு பங்கை மொழிப் பயிற்சிக்குக் கொடுத்தால் பாடம் எப்போது முடிவது?

---

பொறையாறு:

கடைமடை சார் சொல்வது நியாயமான கவலை, என் பள்ளியிலும் அதே நிலைமைதான். ஆனால் முடிவு வேறு. எழுதுவதற்கு முன்னால் வாயால் சொல்ல வைக்க வேண்டும். டீச்சரே மேலே சொல்லியிருக்கிறாரே, பிள்ளைகள் வாயில் எல்லா வகை வாக்கியமும் இருக்கிறது என்று. இலக்கணப் பெயர்களைச் சொல்லவே வேண்டியதில்லை.

எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன், இங்கே இருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம். 1706இல் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு வந்தார், பிறகு அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. வந்த எழுத்துகள் மிகப் பெரிதாக இருந்தன. காகிதமோ கடல் கடந்து வர வேண்டும். அதனால் சின்ன எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. காகிதத்துக்காகப் பொறையாற்றில் ஒரு ஆலையும் வைத்தார்கள்.

இதைக் கரும்பலகையில் குட்டிக் குட்டி வாக்கியங்களாக எழுதிப் போடுவேன். "எழுத்துகள் பெரிதாக இருந்தன. காகிதம் கிடைக்கவில்லை. சிறிய எழுத்துகளை வார்த்தார்கள்." மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லுங்கள் என்றால் போதும். முதல் பிள்ளை, "எழுத்து பெருசா இருந்துச்சு, அதனால சின்னதா செஞ்சாங்க" என்று சொல்லும். காகிதத்தை விட்டுவிட்டாயே என்பேன். அடுத்த பிள்ளை, "காகிதம் கிடைக்காததால பெரிய எழுத்தை விட்டுட்டு சின்ன எழுத்தைச் செஞ்சாங்க" என்று சொல்லும். அதை அப்படியே எழுத்துத் தமிழில் பலகையில் எழுதினால், பிள்ளைகள் தங்கள் வாக்கியத்தையே நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பேசுவதற்குக் கொஞ்சம் நேரம், எழுதுவதற்கு அதைவிடக் கொஞ்சம். எழுத முடியாத பிள்ளையும் வாயால் பங்கெடுத்துவிடுகிறது, பிழை திருத்தமும் அதே ஒரு வாக்கியத்தில் நடந்துவிடுகிறது.

கரும்பலகையில் இருப்பதும் பாடம்தானே சார், அதனால் பாட நேரம் குறைவதாக நான் நினைக்கவில்லை. பத்து வரியைச் சும்மா எழுதிப்போட்டுக் காப்பி அடிக்கச் சொல்வதற்குப் பதில் மூன்று வரியைப் புரிந்து ஒன்றாகச் சேர்க்கிறார்கள்.

---

உப்பளம் (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்):

இந்தப் பேச்சைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. வேதாரண்யம் பக்கத்துக்காரன், அதனால் உப்பை விட்டுவிட்டு என்னால் பேச முடியாது.

1930 ஏப்ரல் 13ஆம் தேதி உப்புச் சத்தியாகிரகத்துக்காக இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்டவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள், 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். இது எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டியது. நான் எட்டாம் வகுப்பில் நிறுத்தி நிதானமாக நடத்தியது நடைப்பயணத்தின் நடுப்பகுதி. விடை எழுதும்போது பிள்ளைகள் "தொண்டர்களுக்கு உணவு கொடுப்பது தடை செய்யப்பட்டது" என்று எழுதுவார்கள். செயப்பாட்டு வினை, இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் தடை செய்தது யார்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. மழை பெய்தது மாதிரி தடை தானாக வந்து விழுந்துவிட்டது. "தஞ்சாவூர் மாவட்ட கலெக்டர் தார்ன் தடை செய்தார்" என்று செய்வினையில் எழுதச் சொன்னால்தான் பிள்ளை புத்தகத்தைப் புரட்டி ஆளைத் தேடும். செய்வினை, செயப்பாட்டு வினையை நான் நடத்தியதே இப்படித்தான்: செயப்பாட்டு வினை வந்த இடத்திலெல்லாம் 'யாரால்?' என்று கேள். பதில் தெரிந்தால் எழுது. ஆளைத் தெரியாத இடத்திலும், ஆள் முக்கியமில்லாத இடத்திலும் மட்டும் அப்படியே விடு.

அப்புறம் அடுத்த கட்டம். சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று உத்தரவு இருந்தது. மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். இந்த இரண்டையும் சேர்க்கச் சொல்வேன். ஒரு பிள்ளை "தடை இருந்ததால் மக்கள் பொட்டலங்களை மரத்தில் கட்டினார்கள்" என்று எழுதும். இன்னொன்று "தடை இருந்தும் மக்கள் சோறு கொடுத்தார்கள்" என்று எழுதும். மூன்றாவது, "மக்கள் நேரில் கொடுக்காமல் மரத்தில் கட்டிவைத்தார்கள்" என்று எழுதும். மூன்றும் சரி. '-ஆல்' போட்டவன் ஏன் மரத்தில் கட்டினார்கள் என்ற காரணத்தைச் சொல்கிறான், '-உம்' போட்டவள் அந்த ஜனங்களின் துணிச்சலைச் சொல்கிறாள், 'காமல்' போட்ட பிள்ளை அவர்கள் செய்த உபாயத்தைச் சொல்கிறது. எது சரி என்று வகுப்பில் சண்டை வரும். வரட்டும், அந்தச் சண்டையில்தான் 1930ஆம் வருஷத்து ஏப்ரல் மாதம் பிள்ளைகளுக்குள் இறங்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். "இப்படி நடந்திருந்தால்" என்ற வகை வாக்கியத்தை வரலாற்றில் அளவோடு வையுங்கள். முக்கொம்பில் 1836 முதல் 1838 வரை ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். கொள்ளிடம் தாழ்வாக இருந்ததால் தண்ணீரெல்லாம் அதில் ஓடிப்போய், காவிரி மணல் மேடிட்டு, பாசனம் கெட்டுக்கொண்டிருந்தது. "மேலணை கட்டியிருக்காவிட்டால் காவிரிக்கு வரும் நீர் மேலும் குறைந்திருக்கும்" என்று எழுதலாம், முன்னால் நடந்ததை வைத்துச் சொல்கிறோம். "கரிகாலன் இருந்திருந்தால் வெள்ளைக்காரன் வந்திருக்க மாட்டான்" என்று எழுதினால் அது கற்பனை. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

---

வெண்ணாற்றங்கரை டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, 'யாரால்?' என்ற கேள்வியை நாளைக்கே எடுத்துக்கொள்கிறேன்.

பொறையாறு சார் முறையில் ஏழாம் வகுப்பில் வாய்மொழியாகத் தொடங்கிவிட்டேன், நன்றாகப் போகிறது. ஆனால் ஒரு புதுச் சிக்கல். சேர்த்துச் சொல் என்றதும் சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ எல்லாவற்றையும் '-து', '-இ' போட்டுக் கோர்த்துவிடுகிறார்கள். "டேனியர்கள் 1620இல் தரங்கம்பாடிக்கு வந்து 1845இல் ஆங்கிலேயர்கள் வாங்கினார்கள்" என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். "இராஜேந்திரன் கடாரத்தை வென்று கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டினார்" என்று இன்னொருவன். படிக்கும்போது முதலாவது உறுத்துகிறது, இரண்டாவது உறுத்தவே இல்லை, ஆனால் காலவரிசை இடிக்கிறது. இதை எப்படிப் பிள்ளைகளுக்கு விளக்குவது?

இன்னொன்று, கொஞ்சம் தயங்கித்தான் கேட்கிறேன். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை கீழ்வெண்மணி பற்றி எழுதட்டுமா என்று கேட்டது. அதன் தாத்தா ஊர் அந்தப் பக்கம். நான் எழுதச் சொல்லலாமா?

---

மேலவீதித் தமிழாசிரியர்:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். வினையெச்சத்தில் பிள்ளைகள் பார்க்க வேண்டியது இரண்டு. வந்தவரும் வாங்கியவரும் ஒரே ஆளா? டேனியர் வந்தார்கள், வாங்கியவர் ஆங்கிலேயர். ஆள் மாறிவிட்டது, அதனால்தான் உறுத்துகிறது. "1620இல் டேனியர்கள் வந்த தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயர்கள் விலைக்கு வாங்கினார்கள்" என்று பெயரெச்சமாக்கினால் சரியாகிவிடும். ஊர்தான் இரண்டுக்கும் பொது, அதனால் ஊரை நடுவில் வைக்கிறோம். அந்தப் பிள்ளையிடம் "இரண்டு வாக்கியத்திலும் பொதுவாக இருப்பது என்ன?" என்று கேளுங்கள், அவளே கண்டுபிடிப்பாள்.

இரண்டாவது, 'வென்று' என்றால் முதலில் வென்றான், பிறகு கட்டினான் என்றுதான் படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். கங்கைகொண்ட சோழபுரம் கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்காக எழுந்தது. கடாரப் படையெடுப்பு 1025இல், கங்கைக்குப் போய் வந்த பிறகு. "கங்கை வரை வென்ற நினைவாக இராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டுவித்தான்" என்று எழுதலாம். கடாரத்துக்குத் தனி வாக்கியம். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று தெரிவதும் இந்தப் பயிற்சியில் சேர்த்திதான். நோட்டின் ஓரத்தில் சின்னதாகக் காலக்கோடு போட்டுவிட்டு வாக்கியத்தைக் கோர்க்கச் சொல்லுங்கள், பாதிப் பிழை அங்கேயே நின்றுவிடும்.

---

உப்பளம்:

இரண்டாவது கேள்விக்கு என் பதில், எழுதட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை, தாத்தா ஊர்க் கதையை வீட்டில் ஏற்கெனவே கேட்டிருக்கும். நாம் பேசாமல் இருந்தால் அதற்குத் தெரியாமல் போய்விடாது. தலைமையாசிரியரிடமும் வீட்டாரிடமும் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பிள்ளையை வகுப்பின் முன்னால் நிறுத்திப் படிக்கச் சொல்லாதீர்கள்.

எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். "குடிசை எரிந்து 44 பேர் இறந்தார்கள்" என்று எழுதினால் அது தீ விபத்து. எரிந்தது தன்வினை, எரித்தார்கள் பிறவினை. நிலவுடைமையாளர்களும் அவர்களுடைய ஆட்களும் தீ வைத்தார்கள் என்று எழுதினால்தான் நடந்தது வாக்கியத்தில் இருக்கும். அந்தப் பிள்ளை இந்த ஒரு வித்தியாசத்தைக் கைப்பிடித்துவிட்டால் நாளைக்குச் செய்தித்தாளை வேறு கண்ணோடு படிக்கும்.

---

கடைமடை:

படித்துக்கொண்டே வந்தேன். வாய்மொழி முறையை என் ஆறாம் வகுப்பில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது, பூம்புகார்ப் பாடத்தில் தொடங்குகிறேன். குதிரை கடல்வழி வந்தது, மிளகு வண்டியில் வந்தது என்று பட்டினப்பாலை சொல்வதை அடுக்கிச் சொல்ல வைக்கலாம். ஆனால் மார்க் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

---

பொறையாறு:

நான் செய்வதைச் சொல்கிறேன் சார். ஒரே விடையை இரண்டு தடவை பார்ப்பேன். முதல் தடவை தகவல் மட்டும்: ஆண்டு, பெயர், இடம், காரணம் சரியா என்று. தேர்வு மார்க் அதற்குத்தான், அதில் வாக்கியத்துக்காகக் குறைப்பதும் இல்லை கூட்டுவதும் இல்லை. இரண்டாவது தடவை அந்த வாரம் பழகிய ஒரே வாக்கிய வகையை மட்டும் தேடுவேன், இருந்தால் பென்சிலால் அடிக்கோடு. வேறு எந்தப் பிழையையும் அந்தச் சுற்றில் தொடமாட்டேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்ததும் பிள்ளைகள் முதலில் எண்ணிப் பார்ப்பது பென்சில் கோட்டைத்தான். டீச்சருக்கு இரண்டு நோட்டும் ஒரே கையில் இருப்பதால் இன்னும் சுலபம், அடிக்கோடு விழுந்த வாக்கியங்களைத் தமிழ் நோட்டில் எடுத்து எழுதச் சொல்லிவிட்டால் இலக்கணப் பயிற்சிக்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. ஆறாம் வகுப்புக்கு இரண்டு வாக்கியத்தைச் சேர்ப்பது, ஏழில் காரணம், எட்டில் 'யாரால்?' என்று பிரித்துக்கொண்டால் வருஷத்துக்குத் தாராளமாகப் போதும்.